பூவோடு போன பி.ஆர். கார்ட்

ராசா,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ அழுத அழுகைக்கு அவ்வளவு தமிழ்தான் வந்தது. இன்றைக்கு அது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. போனில் என்றால் நான் ஒரு வசனம் சொல்லி முடிக்க முதல் நீ உன் கதையைத் தொடங்கிவிடுவாய், பிறகு நான் அழுவேன், நீ "அம்மா, லைன் கிளியரில்லை" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். விளங்காத இடத்தில் மதுராவிடம் கேள். லண்டனில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் எனக்கு வரப்போகிற மருமகளுக்கு உன்னைவிடத் தமிழ் ஓடுகிறது.

போன ஞாயிறு நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். புதுப் பி.ஆர். கார்ட் வராவிட்டாலும் உன் கலியாணத்துக்கு வருவேனா என்பது ஒன்று. மற்றது, "அம்மா, நான் பிறக்க முதலே நீங்கள் கனடாவில. இவ்வளவு காலமா ஏன் சிட்டிசன் எடுக்கேல்லை? எடுத்திருந்தால் இண்டைக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்குமோ?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் கோபமும்தான், ஏன் பொய் சொல்வான். ஆனால் உன் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அது நின்ற நிலையில் போனில் சொல்கிற பதில் இல்லை. முதல் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதிலே இல்லை. இப்போது இருக்கிறது. நேரே கடைசிப் பக்கத்துக்குப் பாயாமல் ஒழுங்காக வாசித்துக்கொண்டு வா.

கார்ட் தொலைந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன். எப்படித் தொலைந்தது என்று சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்ற பயத்தில். உன் கலியாணக் கார்ட் அச்சாகி வந்த அன்று, முதல் கார்டின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எது வந்தாலும் பிள்ளையாருக்குக் காட்டித்தானே எடுப்போம்? உன் முதல் ரிப்போர்ட், உன் கார்த் திறப்பு, லண்டன் வேலைக் கடிதம் எல்லாம் அந்தத் தட்டில் இருந்து எழும்பிப் போனவைதான். ஆகவே லண்டன் வீசா குத்தின என் பாஸ்போட்டையும், பிரின்ற் எடுத்த பிளேன் ரிக்கற்றையும், கனடாவில் நிரந்தரமாக இருக்கத் தந்த பி.ஆர். கார்டையும் வெற்றிலை பரப்பிய தட்டில் வைத்தேன். பாஸ்போட்டுக்குச் சந்தனம், ரிக்கற்றுக்குக் குங்குமம், பி.ஆர். கார்டுக்கு இரண்டும். திரும்பி வரும்போது அதைத்தானே கேட்பார்கள் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். மேலே செவ்வந்திப் பூ.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமித் தட்டைத் துடைக்க எடுத்தேன். பாஸ்போட்டையும் மற்றவற்றையும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன், வாடின பூவையும் வெற்றிலையையும் அப்படியே அள்ளிப் பையில் போட்டேன். சந்தனம் காய்ந்து கார்ட் வெற்றிலையோடு ஒட்டிக்கொண்டதை நான் கண்டேனா? சாமிக்கு வைத்த பூவைப் பச்சைத் தொட்டிக்குள் வெங்காயத் தோலோடு கொட்ட எனக்கு மனம் வராது, அது உனக்குத் தெரியும். வழக்கம்போலப் பின்பாதையால் நடந்து போய், ரூஜ் ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரில் விட்டேன். பனி கரைந்து ஆறு நல்ல வேகம். பூவுக்கு நடுவில் ஏதோ மினுங்கியது. பூவில் சுற்றின சரிகைத் தாளாக்கும் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பி.ஆர். கார்ட் ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது, நான் பாலத்தில் நின்று அதைக் கும்பிட்டு வழியனுப்புகிறேன்! சரி, சிரித்து முடித்தாயா? மதுராவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரி, பிறகு மிச்சத்தை வாசி.

பின்னேரம் லாச்சியைத் திறந்தபோதுதான் கார்ட் அதற்குள் இல்லை என்று கண்டேன். சாமியறையைப் புரட்டினேன், குப்பையைக் கிளறினேன், ஆற்றங்கரைக்கு ஓடிப்போய் அரைமைல் தூரம் புல்லுக்குள் தேடினேன். பிறகுதான் விட்பியில் இருக்கிற மாமாவுக்குப் போன் அடித்தேன். என் தம்பியை உனக்குத் தெரியாதா? எதற்கும் பதறமாட்டான். லப்ரொப்பைக் காவிக்கொண்டு அடுத்த நாளே வந்து குந்திவிட்டான். தொலைந்த கார்டுக்குப் புதுக் கார்ட் கேட்டு விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு இடத்தில் அவன் கை நின்றது.

"அக்கா, எப்பிடித் துலைஞ்சது எண்டு விளக்கமா எழுதட்டாம்."

"உள்ளதை எழுது."

"என்னெண்டு? 'கடவுளுக்கு வைச்ச பூவோட சேர்த்து மரியாதையா ஆத்தில விட்டது' எண்டோ? அவங்கள் கார்டையில்லை, உங்களைத்தான் செக் பண்ணுவாங்கள்."

கடைசியில் பூசைப் பொருள்களோடு தவறுதலாகத் தண்ணீரில் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினான். அடுத்தது படம். மார்க்கம் ரோட்டுப் பக்கத்துப் படக்கடைப் பெடியன், "அன்ரி, இதுக்குச் சிரிக்கக் கூடாது" என்றான். "ஆர் தம்பி இஞ்ச சிரிக்கிறது?" என்றேன். கமராவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்காக இவ்வளவு கோவமாவும் இருக்கத் தேவையில்லை, அன்ரி. சும்மா இருக்கிற மாதிரி இருங்கோ" என்றான். சும்மா இருக்கிற மாதிரி எப்படி இருப்பது என்று எனக்கு மறந்து போயிருந்தது. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அவசரம் என்று குறித்து, ரிக்கற்றையும் சேர்த்துத்தான் விண்ணப்பித்தோம். ஆனால் கடும் நோயும் மரணமும் போல அவர்களுக்குக் கலியாணம் அவசரமாகப் படவில்லையோ என்னவோ, இன்றுவரை தபால்பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரம்தான் வருகிறது. கார்ட் இல்லாமல் நான் கனடாவை விட்டுப் போகலாம், அதை ஒருவரும் மறிக்கப் போவதில்லை. திரும்பி வர லண்டனில் பிளேன் ஏறப் போகும்போது கார்ட் எங்கே என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் அங்கிருந்தபடியே, ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தாள் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்குத் தந்த லீவு முடிந்துவிடும், அவர்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் உனக்குச் சொல்லி, "நீ கலியாணத்தை நடத்து ராசா, விட்பி மாமாவும் மாமியும் தாய் தகப்பன் இடத்தில் நின்று செய்வார்கள், நான் வீடியோவில் பார்க்கிறேன்" என்றேன். நீ கலியாணத்தையே தள்ளிப் போடப் போகிறேன் என்று குதித்தாய். மண்டபம் எடுத்து, நாள் வைத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்ட பெண் வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தாயா? அவசரக்குடுக்கை. அப்படியே உன் அப்பா.

இனித்தான் உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அப்பாவும் நானும் சிட்டிசனுக்கு ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், குசினி மேசையில் நீதான் எங்களுக்கு வாத்தியார். அந்தச் சோதனைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பாய். கனடாவின் பிரதமர் யார் என்று நீ கேட்டால் அப்பா ஒவ்வொரு நாளும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எங்கட கீழ் வீட்டு அங்கிள்தானே?" என்பார். நீ புத்தகத்தைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்த மனிசன் சோதனையில் ஒரு பிழையும் விடவில்லை; என்னைவிடக் கூடப் புள்ளி. குடியுரிமைச் சத்தியம் செய்கிற நாளுக்கு நான் என்ன சேலை உடுக்க வேண்டும் என்றுகூட அவர்தான் சொல்லி வைத்திருந்தார். பிறகு அந்த மாரியில், வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். மிச்சம் உனக்குத் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

அவருடைய காரியங்கள் எல்லாம் முடிந்து கொஞ்சக் காலத்தில் சத்தியப் பிரமாணத்துக்கு அழைப்பு வந்தது. எனக்கும் வந்தது, அவருக்கும் வந்தது. அவர் இல்லை என்று நாங்கள் அவர்களுக்கு அறிவித்திருக்கவில்லை; யாருக்கு அப்போது அந்த எண்ணம் வந்தது? அவர் சொன்ன சேலையையே உடுத்துக்கொண்டு, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தனியாக பஸ்ஸில் போனேன். வாசல் நிறையக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். பிள்ளைகள் சின்னக் கொடி பிடித்துக்கொண்டு ஓடித் திரிந்தன. வாசலில் நின்ற பெண் நல்ல பெண்தான், சிரித்த முகம். "இன்றைக்கு நீங்கள் எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். ஒருவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ராசா. திரும்பி நடந்து வந்து பஸ் தரிப்பில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நீ பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, இப்ப நீங்கள் கனேடியனோ?" என்று கேட்டாய். "தள்ளி வைச்சிட்டாங்கள்" என்று சொன்னேன். நீ நம்பிவிட்டாய். பிறகு அவர்கள் என் பைலை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் கார்ட் முடியும்போது புதுப்பித்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்க அதில் ஒருவரும் இல்லை. படம் எடுத்து அனுப்பினால் கார்ட் தபாலில் வரும். மற்ற ஆட்கள் கேட்டால் இங்கிலிஸ் போதாது என்பேன், நேரமில்லை என்பேன். வயது போனவர்களுக்குச் சோதனையே இல்லை என்று விட்பி மாமா சொன்ன பிறகும் வேறு ஏதாவது சாட்டுச் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். அப்பா இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு இதையும் சொல்லி ஏன் அழவைப்பான் என்று நினைத்தேன். நினைத்தது சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. நீ மதுராவோடு இருக்கப் போகிற வீட்டில் அப்படிச் செய்யாதே. மனதில் ஒன்று கிடந்து அமத்தினால் அன்றைக்கே சொல்லிவிடு, சொல்லத் தெரியாவிட்டால் சொல்லத் தெரியவில்லை என்றாவது சொல். அவளும் ஏதாவது ஒன்றுக்குத் திரும்பத் திரும்ப ஒரே சாட்டுச் சொன்னால், அதோடு நின்றுவிடாமல் இன்னொரு முறை ஆறுதலாகக் கேள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நீ போனில் கத்தி இரண்டு நாள் கழித்து மதுரா எனக்குப் போன் எடுத்தாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். என் சுகம் கேட்டாள், கூறைச் சேலையின் படம் அனுப்பிக் காட்டினாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"மாமி, நான் ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்கள்தானே? உங்கட கார்ட் மிஸ் ஆனது இப்பதானே. தலையில பாலறுகு வைக்கிறது, தாலிக்குப் பொன்னுருக்கிறது, எல்லாம் விட்பி அங்கிளும் அன்ரியும்தான் செய்வினம் எண்டு நீங்கள் எனக்கு கிறிஸ்மஸுக்கே சொன்னனீங்கள். அப்ப உங்களிட்டக் கார்ட் இருந்தது."

என்ன பிள்ளை இது! கூறைச் சேலைப் பக்கம் கதையைத் திருப்பப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ஐ மீன், நீங்கள் லண்டன் வந்தாலும் எங்க நிக்கப் போறீங்கள், மாமி? பின்னுக்கோ?"

"பிள்ளை, மனிசன் இல்லாத ஆள் முன்னுக்கு நிண்டு செய்யிறேல்லை. எங்கட ஆக்களில வழக்கம் அப்பிடி."

"எனக்கு அந்த வழக்கம் வேண்டாம், மாமி. அவருக்கும் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் எப்பவோ கதைச்சிட்டம். நீங்கள் வருவீங்களெண்டால் மட்டும் சொல்லுங்கோ, ஐயரோட நான் கதைக்கிறன்."

நான் அழுதேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், லைன் கிளியரில்லை.

இப்போது உனக்கு உண்மையைச் சொல்கிறேன். கார்ட் ஆற்றோடு போனது என்று தெரிந்த அன்று ஆற்றங்கரையெல்லாம் ஓடித் தேடினேன் என்று எழுதினேன் அல்லவா? அது உண்மை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அப்பாடா, இனி அந்த மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. உன் தலையில் எல்லோரும் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைக்க, பெற்ற நான் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. "பாவம், மனிசன் இருந்திருந்தால்" என்று யாரும் என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். கார்ட் வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்து வீடியோவில் பார்க்கலாம், நான் அழுதாலும் ஒருவருக்கும் தெரியாது. வெட்கம்தான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன். நீ என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் நான் உள்ளே ஆறுதலாக இருந்தேன். அதை அந்தப் பிள்ளை லண்டனில் இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று பின்னேரம் விட்பி மாமா வந்து தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்தான். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, "என்னக்கா, உங்களைக் கனடாவை விட்டுக் கலைச்ச மாதிரி இருக்கிறியள். துலைஞ்சது கார்ட் மட்டும்தான். நீங்கள் இஞ்சத்தை ஆள் எண்டது துலையேல்லை. அது பிளேன்காரனுக்குக் காட்டுற அடையாளம், அவ்வளவுதான்" என்றான். அவன் தன்பாட்டில் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போய்விட்டான். நான் அந்த இடத்திலேயே இருந்தேன். அவன் கார்டைப் பற்றித்தான் சொன்னான், எனக்கு வேறு என்னவோ எல்லாம் கேட்டது. அப்பா போனதோடு என் நெற்றியில் இருந்து பொட்டுப் போயிற்று, கையில் இருந்து காப்புப் போயிற்று, கூப்பிட்டால் முன்னுக்குப் போகிற காலும் போயிற்று. உன்னைப் பெற்றது நான்தான் என்பது எங்கே போயிற்று? அதை யார் என்னிடம் திருப்பிக் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மூலையில் இருந்திருக்கிறேன்.

ஆகவே கேள், ராசா. கார்ட் வந்தாலும் வருகிறேன், வராவிட்டாலும் வருகிறேன். மாமா, மாமியோடு அதே பிளேனில் ஏறுகிறேன். அவர்கள் திரும்பி வருவார்கள், நான் தாள் வரும்வரை லண்டனில் கிடப்பேன். முதியோர் இல்லத்தில் இன்று காலை போய், வேலைக்கு வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டேன். வந்த பிறகு இடம் இருந்தால் தருவோம் என்றார்கள், சரி என்றேன். புதிதாகக் கலியாணம் கட்டின பிள்ளைகளின் சின்ன பிளாற்றில் மாமியார் எத்தனை கிழமை இருக்கப் போகிறாளோ தெரியாது; அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, உனக்கும் இருக்க வேண்டும். மதுராவின் குசினியில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றமாட்டேன். உப்புக் கூடினாலும் வாய் திறக்கமாட்டேன். முயற்சி செய்வேன் என்று எழுதினால்தான் நீ நம்புவாய், சரி, முயற்சி செய்வேன். நீங்கள் இரண்டு பேரும் வெளியில் எங்காவது போக வேண்டுமென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்காதேயுங்கள். எனக்குப் பஸ் பிடிக்கத் தெரியும்.

கலியாணத்தன்று காலை உன்னைக் கிழக்குப் பார்த்து இருத்தும்போது நான் பின்னுக்கு நிற்கமாட்டேன். அறுகம்புல்லை லண்டன் கடையில் வாங்கி வை, பால் நல்ல பாலாக இருக்கட்டும், அந்த இரண்டு வீதம் ஒரு வீதக் கொழுப்பு எல்லாம் வேண்டாம். முதல் பாலறுகு நான் வைப்பேன், என் இரண்டு கையாலும். அப்பாவின் பங்கையும் சேர்த்து வைப்பேன். பிறகு மாமாவும் மாமியும் வைக்கட்டும். முகத்தைச் சுழிக்கிறவர்கள் சுழிக்கட்டும். நீ தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இரு. நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன், பால் கண்டபாட்டுக்கு ஊற்றுப்பட்டுவிடும்.

இங்கே திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சிட்டிசனுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அந்தப் படக்கடைப் பெடியனிடமே போய் இன்னொரு படம் எடுப்பேன், இந்த முறை சும்மா இருக்கிற மாதிரி இருக்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்ய அழைப்பு வரும்போது நீயும் மதுராவும் லீவு போட்டுவிட்டு வர வேண்டும், சாட்டுச் சொல்லக் கூடாது. அப்பா சொன்ன சேலை இன்னும் பெட்டிக்குள் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத்தான் உடுப்பேன். வாசலில் நிற்கிற ஆள் இன்றைக்கு நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டால், நான் மூன்று பேர் என்று சொல்வேன்.

அம்மா